ரேடியஸ் எலும்புக்குப் பெயர் வட்டத்தின் ஆரத்திலிருந்து வந்ததா?

பாடக்குறிப்பு | 4 ஜூன் 2022, காலை 7.10

பதினோராம் வகுப்பு விலங்கியல் குறிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் விளக்கம்: "முன்கையில் அல்னா அசையாமல் நிற்கிறது. மையத்தைச் சுற்றி ஆரம் சுழல்வதுபோல் மற்றோர் எலும்பு அதைச் சுற்றி வருகிறது. அதனால்தான் அதற்கு ரேடியஸ் என்று பெயர்."

மனப்பாடம் செய்ய வசதியாக இருக்கிறது, ஆனால் உதைக்கிறது. ஆரம் என்றால் ஒரு முனை மையத்தில் இருந்தாக வேண்டும். இந்த எலும்பில் எந்த முனை மையம்? முழங்கைப் பக்கம் என்றால் வட்டத்தின் ஆரம் 23 செ.மீ. ஆகிவிடும், உள்ளங்கையைத் திருப்பும்போது அவ்வளவு பெரிய வட்டம் எங்கேயும் வரவில்லை. மணிக்கட்டுப் பக்கம் என்றால், நகர்கிற முனையே அதுதான். விளக்கம் சரியா, யாராவது பின்னால் கட்டிவிட்டதா?

எலும்புப்பெட்டி | 4 ஜூன் 2022, காலை 8.55

பின்னால் கட்டியதுதான். காலவரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முன்கை எலும்புக்கு ராடியுஸ் என்ற லத்தீன் பெயர் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே செல்சுஸ் எழுதிய மருத்துவ நூலில் இருக்கிறது. கிரேக்கர்கள் இதைக் கெர்கிஸ் என்பார்கள் என்று அவரே சேர்த்துச் சொல்கிறார். கெர்கிஸ் நெசவாளியின் கோல். 1543-இல் வெசாலியஸ் படங்களோடு வெளியிட்ட உடற்கூறு நூலிலும் ராடியுஸ்தான். அந்தக் காலம் முழுக்க வட்டத்தின் பாதி விட்டத்துக்கு அந்தச் சொல் நிலைபெறவே இல்லை. நிலைபெறாத ஒன்றிலிருந்து எலும்புக்குப் பெயர் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது.

லத்தீனில் ராடியுஸ் என்றால் கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர், தறியின் கோல் எல்லாம். நீளமாக, மெலிதாக இருக்கிற எலும்புக்குக் கோல் என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். சுழற்சிக்கும் அந்தப் பெயருக்கும் உறவு தேட வேண்டாம்.

கவராயம் | 4 ஜூன் 2022, பகல் 1.20

கணிதப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூக்ளிட் வட்டத்தை அத்தனை தேற்றங்களில் கையாள்கிறார், ஆனால் ஆரத்துக்கு அவரிடம் தனிப் பெயரே கிடையாது. "மையத்திலிருந்து வரும் கோடு" என்றுதான் எழுதுவார். இடைக்கால ஐரோப்பாவில் பாதி விட்டம் என்று பொருள்படும் சொல் ஓடியது. 1569-இல் பீட்டர் ராமுஸ் தன் கணித நூலில் ராடியுஸ் என்கிறார். 1583-இல் தாமஸ் ஃபிங்கே எடுத்துக்கொள்கிறார். டேன்ஜென்ட், சீகன்ட் என்ற பெயர்களைப் புழக்கத்தில் விட்டவரும் அதே ஃபிங்கேதான். செல்சுஸுக்கும் ராமுஸுக்கும் இடையில் சுமார் 1500 ஆண்டு.

இந்தியாவிலும் பாதி விட்டம் என்ற நினைப்புதான் முதலில். ஆரியபடர் வட்டத்தின் பரப்பைப் பாதிச் சுற்றளவு பெருக்கல் பாதி விட்டம் என்கிறார். நம் கணக்கதிகாரத்தின் விட்டத்தரை, வட்டத்தரை கணக்கும் அதேதான். r என்றும் 2πr-இன் பாதி என்றும் போட்டுப் பெருக்கிப் பாருங்கள், πr² வந்து நிற்கும்.

ஒரு காரணமும் இருக்கிறது. கையில் கிடைக்கிற உருண்டைப் பொருளில் அளக்கக்கூடியது விட்டம்தான். தூண், குழாய், கிணறு, பானை வாய், எதிலும் மையம் கண்ணுக்குத் தெரியாது. வரைகிறவனுக்கு ஆரம் முதலில் வரும், ஏனென்றால் கவராயத்தின் முள்ளை அவன்தான் மையத்தில் ஊன்றுகிறான். அளக்கிறவனுக்கு விட்டம் முதலில் வரும். பட்டறை வரைபடங்களில் இன்றைக்கும் துளை என்றால் விட்டக் குறி, மூலை வளைவு என்றால் ஆரக் குறி. மூலை வளைவில் கால் வட்டம்தான் இருக்கும், விட்டத்தை எங்கே பிடித்து அளப்பது? இந்த இரண்டு குறிகளையும் மாற்றி வாசித்தால் துளை இரண்டு மடங்காகும் அல்லது பாதியாகும். உலோகம் போனது போனதுதான்.

பாடக்குறிப்பு | 4 ஜூன் 2022, இரவு 9.02

பெயர்க் காரணம் முடிந்தது. அசைவு பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அல்னாவை ரேடியஸ் சுற்றுவது உண்மையா? உண்மை என்றால் அந்த வட்டத்துக்கு மையம் எங்கே, ஆரம் எவ்வளவு?

கைமருத்துவம் | 5 ஜூன் 2022, காலை 6.40

இது நல்ல கேள்வி. நிதானமாகப் போவோம்.

முதல்ல கையை வச்சுப் பாருங்க. முழங்கையை 90 பாகை மடக்கி, மேற்கையை விலாவோடு ஒட்டி வைங்க. நீட்டிய கையைத் திருப்பினா தோளும் சேர்ந்து சுழலும், முன்கை எவ்வளவு திரும்புச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது; மடக்கச் சொல்றது அதுக்குத்தான். முஷ்டியில ஒரு பேனாவை நேரா நிறுத்திப் பிடிங்க. உள்ளங்கையை மேலே திருப்பினா பேனா வெளிப்பக்கம் சாயும், கீழே திருப்பினா உள்பக்கம் சாயும். மேலே 80 முதல் 90 பாகை, கீழே 70 முதல் 85 பாகை, பெரும்பாலானவங்களுக்கு மொத்தம் 150-க்கு மேல வரும்.

இப்போ அடுத்த கையோட கட்டை விரலை முழங்கையின் வெளிப்பக்கப் புடைப்புல வச்சு, அங்கிருந்து மணிக்கட்டு நோக்கி ரெண்டு, ரெண்டரை செ.மீ. இறக்குங்க. ஒரு சின்னப் பள்ளத்துல உருண்டையா ஒண்ணு தட்டுப்படும். அதுதான் ரேடியஸ் தலை. விரலை எடுக்காம உள்ளங்கையைத் திருப்புங்க. விரலுக்கு அடியில அது உருளும், ஆனா இடம் மாறாது. பிறகு விரலை மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம், எலும்பு முடியற கூர்முனைல வச்சுத் திருப்புங்க. இங்கே உங்க விரல் எலும்போட சேர்ந்து பாதி வட்டத்துக்குப் பக்கமாப் பயணம் போகும்.

ஒரே எலும்பு. மேல்முனை நின்ற இடத்துல சுழலுது, கீழ்முனை வட்டவில் போடுது. அச்சு எதுன்னா, மேலே ரேடியஸ் தலையின் மையம், கீழே அல்னாவின் கீழ்முனை. ரெண்டையும் சேர்த்து ஒரு கோடு. அந்தக் கோடு ரேடியஸோட நீளத்துக்கும் இணை கிடையாது, அல்னாவோட நீளத்துக்கும் இணை கிடையாது, சாய்வாப் போகுது.

ஆகவே ரேடியஸ் வரையறது வட்டம் இல்ல, கூம்பின் ஒரு பகுதி. உச்சி முழங்கைல, அடிவட்டம் மணிக்கட்டுல. எலும்பின் நீளம் கூம்பின் சாய்வுயரம். நீங்க தேடற ஆரம் அடிவட்டத்தோடது: அல்னாவின் கீழ்முனை மையத்துல இருந்து ரேடியஸின் கூர்முனை வரைக்கும் உள்ள தூரம்.

கவராயம் | 5 ஜூன் 2022, காலை 10.15

கூம்பு என்றால் எண் போட்டுவிடலாம். சாய்வுயரம் 23 செ.மீ., அடிவட்ட ஆரம் 4 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 4/23 = 0.174, அரை உச்சிக் கோணம் 10 பாகை.

திரும்பும் கோணம் 150 பாகை, அதாவது 2.618 ரேடியன். கூர்முனை போகும் வில் 4 × 2.618 = 10.5 செ.மீ. மேல்முனையில் தலையின் விட்டம் 22 மி.மீ. என்றால் அதன் விளிம்பு வளையத்துக்குள் வழுக்கும் தூரம் 11 × 2.618 = 29 மி.மீ. கோணம் ஒன்றுதான், ஆரம் மாறுவதால் தூரம் மாறுகிறது. வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் ரேடியன் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மாணவருக்கு வேண்டிய கருவி அவர் தோளிலேயே தொங்குகிறது.

எலும்புப்பெட்டி | 5 ஜூன் 2022, மாலை 5.30

அந்த வளையத்தைப் பற்றி ஒரு வரி. ரேடியஸ் தலையைச் சுற்றி இருக்கும் வளையத் தசைநார் முழு வளையம் கிடையாது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தசைநார், மீதி ஐந்தில் ஒரு பங்கு அல்னாவில் உள்ள குழிவு. தலையின் மேல்முகம் ஆழமில்லாத கிண்ணமாக மேற்கை எலும்பான ஹியூமரஸின் உருண்டையைத் தாங்கும், பக்கவிளிம்பு இந்த வளையத்துக்குள் சுழலும். ஒரே தலை, இரண்டு மூட்டு.

எலும்பைக் கையில் கொடுத்து வலமா இடமா என்று கேட்டால் தடுமாறுகிறவர்களுக்கு: வட்டத் தட்டு மேலே, அகன்ற முனை கீழே. கீழ்முனையில் கூராக இறங்குவது கட்டைவிரல் பக்கம், அதாவது வெளிப்பக்கம். கீழ்முனையின் ஒரு முகம் வழவழப்பாக லேசாகக் குழிந்திருக்கும், அது முன்பக்கம். இன்னொரு முகத்தில் மேடுபள்ளமும் நடுவில் லிஸ்டர் புடைப்பும் இருக்கும், அது பின்பக்கம். தண்டில் கத்திபோல் கூர்ந்த விளிம்பு அல்னாவைப் பார்த்து நிற்கும். இவ்வளவும் பொருந்தினால் எந்தக் கை என்று தானே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் தப்புவது எங்கே தெரியுமா? ரேடியஸுக்குத் தலை மேலே, அல்னாவுக்குத் தலை கீழே. தலை என்றாலே மேல்முனை என்று நினைத்து அல்னாவைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். பிறகு சொல்கிற எல்லாமே எதிராகப் போகும்.

இருப்புப்பாதை | 6 ஜூன் 2022, காலை 5.50

உடற்கூறு எனக்குத் துறை இல்லை, தண்டவாள வளைவு அளப்பதுதான் துறை. படத்தைப் பார்த்தால் இந்த எலும்பு நேராகவே இல்லையே? நடுவில் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது. அந்த வளைவுக்கு ஓர் ஆரம் இருக்குமே, அதை யாராவது அளக்கிறார்களா?

தண்டவாளத்தில் மையம் எங்கோ வயல் நடுவில் இருக்கும். அங்கே போய் யாரும் கயிறு பிடிப்பதில்லை. 20 மீட்டர் நாண் கயிற்றைத் தண்டவாள ஓரத்தில் இழுத்துப் பிடித்து, நடுவில் கயிற்றுக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளியை மி.மீ.-இல் அளப்போம். அதற்கு வெர்சைன் என்று பெயர். நாண் C, ஆரம் R இரண்டும் மீட்டரில் இருந்தால் வெர்சைன் 125 × C² ÷ R மி.மீ. 875 மீட்டர் ஆரம் என்றால் 50000 ÷ 875, அதாவது 57 மி.மீ. பத்து மீட்டருக்கு ஒரு குறி போட்டு வரிசையாக அளந்துகொண்டே போனால் எந்த இடத்தில் வளைவு கெட்டிருக்கிறது என்று எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

கைமருத்துவம் | 6 ஜூன் 2022, இரவு 10.25

அளக்கறாங்க, அதுவும் கிட்டத்தட்ட நீங்க சொன்ன முறையிலேயே!

எக்ஸ்ரேல, மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸோட தசைநாண் ஒட்டற புடைப்புல இருந்து, ரேடியஸ் கீழ்முனைல அல்னா பக்க ஓரம் வரைக்கும் ஒரு கோடு. அதுதான் உங்க நாண். அந்தக் கோட்டுல இருந்து வளைவு அதிகபட்சமா விலகற இடத்துக்குச் செங்குத்து. 1992-இல ஷெமிட்ச், ரிச்சர்ட்ஸ் வெளியிட்ட ஆய்வுக்கப்புறம் இந்த அளவு வழக்கத்துக்கு வந்துச்சு. பெரியவங்களுக்கு அதிகபட்ச விலகல் சுமார் 15 மி.மீ., அது வர்ற இடம் மேலிருந்து கிட்டத்தட்ட 60 சதவீதத்துல.

நாண் 200 மி.மீ.ன்னு வச்சுக்கிட்டா ஆரம் 200² ÷ (8 × 15) + 7.5, சுமார் 340 மி.மீ. ஆனா இந்த எண்ணைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம். உச்சி நடுவுல இல்லாம 60 சதவீதத்துல இருக்கறதால இது ஒரே வட்டத்தின் வில் கிடையாது.

இந்த வளைவு எதுக்கு? உள்ளங்கையைக் கீழே திருப்பும்போது ரேடியஸ் அல்னாவுக்கு முன்னால குறுக்கே விழணும். ரெண்டுக்கும் தடிமன் இருக்கு, நடுவுல தசை இருக்கு. ரேடியஸ் நேர்க்கோலா இருந்தா பாதியிலேயே முட்டி நின்னுடும். வாளியின் கைப்பிடி விளிம்பைத் தாண்டிப் புரள்ற மாதிரி, வளைஞ்சிருக்கறதாலதான் தாண்டிப் போகுது.

முன்கையின் ரெண்டு எலும்பும் உடைஞ்சு உலோகப் பிளேட் வைக்கும்போது இதுதான் உயிர்நாடி. கடையில வர்ற நேரான பிளேட்டை அப்படியே வச்சுத் திருகினா, திருகு எலும்பைப் பிளேட்டின் வடிவத்துக்கு இழுத்துக்கும். முறிவு நல்லாச் சேரும், எக்ஸ்ரேயும் அழகா இருக்கும், ஆனா கை முழுசாத் திரும்பாது. சோறு வாங்க உள்ளங்கையை ஏந்த முடியாது, இல்லேன்னா தட்டச்சுக்குக் கவிழ்க்க முடியாது. அதனால பிளேட்டை முன்கூட்டியே வளைக்கணும், இல்ல வளைவோட செஞ்ச பிளேட்டை எடுக்கணும். வளைவு சந்தேகமா இருந்தா அடுத்த கையை எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடறது நல்ல வழி. தையல் போடறதுக்கு முன்னாடி மேசைலயே கையை முழுசாத் திருப்பிப் பார்த்துடணும்.

இருப்புப்பாதை | 7 ஜூன் 2022, காலை 6.05

வட்டவில் இல்லாத வளைவில் ஒற்றை நாண் போதாது. நேரிலிருந்து வளைவுக்குள் நுழையும் இடத்தில் எங்களுக்கும் ஆரம் இடத்துக்கு இடம் மாறும். அங்கே ஒரு வெர்சைனை வைத்து ஆரம் சொன்னால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. நீங்கள் விலகல் எவ்வளவு, எந்த இடத்தில் என்று இரண்டு எண் கொடுப்பது அதற்காகத்தான் என்று புரிகிறது.

ஆரக்கால் | 8 ஜூன் 2022, மாலை 4.45

ஆரம் என்றால் ஆரக்கால் என்று மேலே போகிற போக்கில் வந்தது. சக்கரம் செய்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், பிறகு ஆரக்கால், வெளிவட்ட மரமான வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா. ஆரக்காலின் ஒரு நாக்கு குடத்துக்குள், இன்னொரு நாக்கு வட்டைக்குள். சக்கரத்தின் ஆரம் என்பது குடத்தின் பாதி, வெளியே தெரியும் ஆரக்கால், வட்டையின் கனம், பட்டாவின் கனம் எல்லாம் சேர்ந்த தொகை. எந்த ஆரக்காலும் அந்த நீளத்துக்கு இருக்காது. மரம் அறுக்கும்போது வெளியே தெரியும் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் நாக்குக்கு மரம் இருக்காது. முழு ஆரத்துக்கும் அறுத்தால் வீண்.

சைக்கிளில் இன்னும் ஒரு படி மேலே. பின்சக்கரத்தின் கம்பிகள் மையத்தை நோக்கியே போகாது. நடுக்குடமான ஹப்பின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் தொடுகோட்டுக்குக் கிட்டே சாய்ந்திருக்கும். மையத்தை நோக்கிய கம்பியால் ஹப்பின் முறுக்கு விசையை ரிம்முக்குக் கடத்த முடியாது. முறுக்குக்குச் செங்குத்துத் தூரம் வேண்டும், மையத்தின் வழியே போகும் கோட்டுக்கு அது சுழியம்.

36 கம்பி, மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்று கம்பிகளைக் குறுக்காகக் கடக்கும்) என்றால் ஒரு பக்கம் 18 கம்பி; கோணம் 360 × 3 ÷ 18 = 60 பாகை. ரிம்மில் கம்பி உட்காரும் வட்டத்தின் ஆரம் 300, ஹப் துளைவட்டத்தின் ஆரம் 22, சக்கர நடுவிலிருந்து ஹப் விளிம்பு விலகல் 35, எல்லாம் மி.மீ. 300² + 22² + 35² − 2 × 300 × 22 × கொசைன் 60. வர்க்கமூலம் 291.7, ஹப் துளையின் பாதி 1.2 கழித்தால் 290.5 மி.மீ. அதே சக்கரத்தை நேராக மையம் நோக்கிக் கோத்தால் 279 போதும். குறுக்கு எத்தனை என்று கேட்காமல் கம்பி வாங்கினால் 11 மி.மீ. உதைக்கும். நீளமான கம்பி நிப்பிளைத் தாண்டி டியூப்பைக் குத்தும், குட்டையானது மரையைப் பிடிக்காது.

கைமருத்துவம் | 8 ஜூன் 2022, இரவு 11.10

மையத்தின் வழியே போகும் கோட்டுக்கு முறுக்கு சுழியம்: இதே விதி பைசெப்ஸுக்கும். அந்தத் தசைநாண் ரேடியஸில ஒட்டற புடைப்பு தண்டின் நடுவுல இல்ல, ஓரத்துல, அல்னாவைப் பார்த்த பக்கம் துருத்திக்கிட்டு இருக்கு. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது அந்தப் புடைப்பு பின்னால சுழன்று போய், தசைநாண் எலும்பைச் சுத்திக்கும். தசை சுருங்கினா எலும்பு திரும்பி உள்ளங்கை மேலே வரும். வலக்கையால திருகை இறுக்கறது, கழட்டறதைவிடச் சுலபமா இருக்கறதுக்கு இது பெரிய காரணம். அறுந்த தசைநாணைத் திரும்பத் தைக்கும்போது புடைப்பைச் செதுக்கித் தட்டையாக்கிட்டாலோ, ரொம்ப முன்னால தள்ளி ஒட்ட வச்சாலோ, முழங்கை மடங்கற பலம் வந்துடும், திருப்பற பலம் குறைஞ்சே நிக்கும்.

எலும்புப்பெட்டி | 10 ஜூன் 2022, காலை 7.30

கூம்புக் கணக்குக்கு இரண்டு திருத்தம் வேண்டும்.

ஒன்று, அல்னா அசையாமல் நிற்கிறது என்பது பாதி உண்மை. திருகு முடுக்கும்போது முன்கையைக் கவனியுங்கள். ரேடியஸின் கீழ்முனை உள்பக்கம் வரும்போது அல்னாவின் கீழ்முனையும் கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்கிக்கொடுக்கும். அதனால்தான் கை, அல்னாவை மையமாக வைத்து வீசப்படாமல், ஏறக்குறைய தன் நடுவிலேயே சுழல்கிறது. அல்னா ஒதுங்காவிட்டால் திருப்புளி ஒவ்வொரு திருப்பத்துக்கும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். மேசையில் அல்னாவை அழுத்தி வைத்துத் திருப்பினால்தான் சுத்தமான கூம்பு.

இரண்டு, கீழ்மூட்டு. அல்னாவின் தலைக்கு வளைவு ஆரம் சுமார் 10 மி.மீ., அதைத் தாங்கும் ரேடியஸ் குழிவுக்குச் சுமார் 15 மி.மீ. பெரிய ஆரத்துக்குள் சின்ன ஆரம் உட்கார்ந்தால் இரண்டும் முழுக்கப் பொருந்தாது, ஒரே இடத்தில்தான் தொடும். ஆகவே அங்கே சுழற்சியோடு முன்பின் வழுக்கலும் உண்டு. எலும்பு பிடித்து நிறுத்தாத அந்த மூட்டை முக்கோண நார்க்குருத்தெலும்பும் தசைநார்களும் பிடித்து வைத்திருக்கின்றன. அவை கிழிந்தால் அல்னாவின் தலை மணிக்கட்டின் பின்பக்கம் பியானோக் கட்டைபோல அமுங்கி எழும்; மருத்துவர்களே அதைப் பியானோக் கட்டைக் குறி என்றுதான் சொல்வார்கள்.

பாடக்குறிப்பு | 10 ஜூன் 2022, இரவு 8.15

மணிக்கட்டு முறிவு ரிப்போர்ட்களில் 11, 22, 11 என்று மூன்று எண் வருகிறதே, அதுவும் இந்த வடிவக் கணிதம்தானா?

கைமருத்துவம் | 11 ஜூன் 2022, காலை 6.20

ஆமா. ரேடியஸ் கீழ்முனையின் சராசரி அளவுகள் அவை. முன்பார்வை எக்ஸ்ரேல கூர்முனை, அல்னா பக்க ஓரத்தைவிட 11, 12 மி.மீ. கீழே இறங்கியிருக்கும், அது ஆர உயரம். அதே படத்துல மூட்டு முகத்தின் சாய்வு 22 பாகை. பக்கப்பார்வையில மூட்டு முகம் உள்ளங்கைப் பக்கம் 11 பாகை சாய்ஞ்சிருக்கும்.

முதல் ரெண்டும் தனித்தனி எண் கிடையாது. எலும்பின் அகலம் 30 மி.மீ.ன்னா 30 × டேன் 22 = 12. ஒண்ணு சரியா இருந்து இன்னொண்ணு ரொம்ப விலகியிருந்தா கோடு தப்பா வரைஞ்சிருக்கு, திரும்ப வரைங்க. படத்துல உருப்பெருக்கம் இருந்தா மி.மீ. அளவு ஏமாத்தும், பாகை ஏமாத்தாது.

கையை ஊன்றி விழுந்து இந்த முனை பின்பக்கமாச் சாய்ஞ்சு உடையறது 1814-இல டப்ளின் மருத்துவர் ஆப்ரஹாம் காலிஸ் விவரிச்ச முறிவு. எக்ஸ்ரே வர்றதுக்கு 80 வருஷம் முன்னாடி, தொட்டுப் பார்த்தே சொன்னது. நீங்களும் தொட்டுப் பார்க்கலாம்: ரெண்டு பக்கக் கூர்முனைலயும் ஒவ்வொரு விரல் வைங்க. ரேடியஸ் பக்கம் ஒரு செ.மீ. கீழே இருக்கணும். ரெண்டும் ஒரே மட்டத்துல இருந்தா ரேடியஸ் குட்டையாகிடுச்சு.

குட்டையானா என்ன? மணிக்கட்டில இறங்கற பாரத்துல சுமார் 80 சதவீதம் ரேடியஸ் வழியாகவும் 20 சதவீதம் அல்னா வழியாகவும் போகுது. அல்னா 2.5 மி.மீ. நீண்டா அதன் பங்கு 42 சதவீதம் ஆகுது, அதே அளவு குறைஞ்சா 4 சதவீதம். ரேடியஸ் குட்டையாகறதும் அல்னா நீள்றதும் மூட்டுக்கு ஒண்ணுதான். ஒரு தீக்குச்சியின் கனம்தான் வித்தியாசம், சுண்டுவிரல் பக்க வலி வருஷக்கணக்கா நிக்கும்.

இதை அளக்கற படத்துல உள்ளங்கை மேலேயோ கீழேயோ திரும்பியிருக்கக் கூடாது. கவிழ்த்த நிலைல ரேடியஸ் அல்னாவுக்குக் குறுக்கே சாய்வாக் கிடக்கும். சாய்ஞ்ச கோல் உயரத்துல குறையும். அல்னா நீண்ட மாதிரி படத்துல தெரியும், உண்மைல எதுவும் மாறியிருக்காது.

பூச்சிவலை | 12 ஜூன் 2022, பகல் 12.40

தவளையில் ரேடியஸும் அல்னாவும் ஒன்றாக இணைந்த ஒரே எலும்பு. மாடு, குதிரையிலும் இரண்டும் ஒட்டிப்போனவைதான், முன்கால் குளம்பை மேல்நோக்கித் திருப்பவே முடியாது. சுழற்சியால் வந்த பெயர் என்றால் அங்கே அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. பூச்சிகளின் இறக்கையில் காஸ்டா, சப்காஸ்டா, அடுத்த பெரிய நரம்பு ரேடியஸ். அதுவும் எதையும் சுற்றுவதில்லை.

கைமருத்துவம் | 12 ஜூன் 2022, இரவு 9.50

குழந்தைங்க விஷயம் ஒண்ணு சொல்லியாகணும், ஏன்னா இது வீட்டுல நடக்குது. 1 முதல் 4 வயசுக்குள்ள குழந்தையை ஒரு கையைப் பிடிச்சுத் தூக்கினாலோ வெடுக்குன்னு இழுத்தாலோ, வளையத் தசைநார் ரேடியஸ் தலை மேல ஏறிச் சிக்கிக்கும். வீக்கம் இருக்காது. குழந்தை கையை லேசா மடக்கி, உள்ளங்கையை உள்பக்கம் திருப்பித் தொங்கவிட்டுக்கிட்டு, தொட விடாது. குழந்தைக்குத் தலை கழுத்தைவிடப் பெருசா இருக்காது, அதனால வழுக்குதுன்னு பழைய புத்தகங்கள்ல இருக்கும். அளந்து பார்த்ததுல தலை பெருசாத்தான் இருக்கு. தலை சுத்தமான வட்டம் கிடையாது, லேசான நீள்வட்டம். கவிழ்த்த நிலைல தசைநார் வழுக்க வழி கிடைக்குது, அந்த வயசுல தசைநாரின் பிடிப்பும் மெலிசு.

பழகின மருத்துவர் தலை மேல விரலை வச்சு முன்கையை நல்லாக் கவிழ்த்தா ஒரு சொடுக்கு கேட்கும், கொஞ்ச நேரத்துல குழந்தை அந்தக் கையாலயே பொம்மையை வாங்கும். விழுந்ததால வந்த வலின்னாலும் வீக்கம் இருந்தாலும் யாரும் திருப்பவே கூடாது, முதல்ல எக்ஸ்ரே. தூக்கணும்னா அக்குள்ல கை கொடுத்துத் தூக்குங்க.

எலும்புப்பெட்டி | 13 ஜூன் 2022, காலை 7.05

அந்த எக்ஸ்ரேயில் ஒரு கோடு போடப் பழகுங்கள். ரேடியஸ் கழுத்தின் நடுவழியாக நேர்க்கோடு. எந்தக் கோணத்தில் எடுத்த படத்திலும் அது ஹியூமரஸ் உருண்டைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் தலை மூட்டை விட்டு விலகியிருக்கிறது. அல்னா மட்டும் முறிந்திருக்கிறது என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, விலகிய ரேடியஸ் தலையைத் தவறவிடுவது மான்டேஜியா முறிவில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அளவுகோலும் பென்சிலும் போதும், பிடித்துவிடலாம்.

பாடக்குறிப்பு | 18 ஜூன் 2022, மாலை 6.30

குறிப்பை மாற்றி எழுதியாயிற்று: கோல் என்பதால் பெயர், அசைவு கூம்பு, ஆரம் மணிக்கட்டில். வகுப்பில் காட்ட மாதிரி ஒன்று வேண்டும். ஸ்கேலும் ரப்பர் பேண்டும் வைத்துச் செய்கிற வழக்கமான மாதிரியில் இரண்டு முனையும் சுற்றுகின்றன, அது தப்பாகவே கற்றுக்கொடுக்கும்.

ஆரக்கால் | 19 ஜூன் 2022, காலை 9.15

அல்னாவுக்கு 25 செ.மீ. மரச்சட்டம், ஒன்றரை செ.மீ. கனம். ரேடியஸுக்குப் பழைய சைக்கிள் கம்பி ஒன்று, 2 மி.மீ. தடிமனில் கிடைக்கும், கையாலேயே வளையும்.

சட்டத்தின் மேல்முனையில் பக்கவாட்டில் ஒரு வளையத் திருகு இறக்குங்கள். வளையத்தின் நடு, சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி நிற்கட்டும். கம்பி அதற்குள் இறுகாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் நழுவாமல் இருபுறமும் ஒரு மணியைப் பசை வைத்து ஒட்டுங்கள். சட்டத்தின் கீழ்முனை முகத்தில் நீளவாக்கில் ஓர் ஆணி, அதில் 4 செ.மீ. தடித்த அட்டை சுழலும்படி. அட்டையின் அடுத்த முனையில் கம்பியின் கீழ்முனையைக் குத்திப் பசை வையுங்கள்.

ஆணியைச் சட்டத்துக்கு இணையாக அடித்தால் மாதிரி பாதியில் இறுகிவிடும். அதன் கோடு மேலே இருக்கும் வளையத்தின் நடுவைப் பார்க்க வேண்டும். 25-க்கு ஒன்றரை, அதாவது மூன்றரை பாகை சாய்வு. வளையத்திலிருந்து கீழ்முனைக்கு நூல் கட்டி, அந்த நூலின் வழியே துளை போட்டுவிட்டு ஆணி இறக்குங்கள்.

முதலில் கம்பியை நேராக வைத்தே திருப்பிக் காட்டுங்கள், சட்டத்தின் நடுவில் முட்டும். பிறகு மேலிருந்து 60 சதவீதத்தில் சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒன்றரை செ.மீ. வளையுங்கள், தாண்டிப் போகும். வளைத்தால் கம்பியின் நேர்நீளம் இரண்டொரு மி.மீ. குறையும், அதற்கு இடம் விட்டு வெட்டுங்கள். கம்பியின் மேல்முனையில் சின்னக் காகிதக் கொடி ஒட்டினால், கீழே அட்டை வில் போடும்போது மேலே கொடி நின்ற இடத்திலேயே திரும்புவது கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

கவராயம் | 19 ஜூன் 2022, பகல் 11.40

அட்டையின் முனையில் பென்சில் துண்டு ஒன்றைச் சேர்த்து, கீழே தாளைப் பிடித்துத் திருப்பச் சொல்லுங்கள். ஆணியின் நுனிக்கு நேர் கீழே முதலிலேயே ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், அதுதான் மையம். வரைந்த வில்லின் மேல் நூலை ஒட்டி நீளம் எடுத்து, 4-ஆல் வகுத்தால் ரேடியன். கோணமானி வைத்துச் சரிபார்க்கலாம். தாளை மரச்சட்டத்துக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல், ஆணிக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பென்சில் ஒரு பக்கம் தாளை அழுத்தும், மறுபக்கம் தொடாமல் தூக்கிக்கொள்ளும், கோடு நடுவில் விட்டுப்போகும்.